மௌனத்தைக் கண்டித்த மதகுரு

1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன்னே, கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கேட்டுத் திரண்ட சுமார் இரண்டரை லட்சம் பேர். மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைச் சொன்ன நாள் அது. அவருக்குச் சற்று முன்பு அதே மேடையில் பேசியவரைப் பலரும் மறந்துவிட்டோம். அவர் யூத மதகுரு ஜோக்கிம் பிரின்ஸ்.

ஹிட்லர் காலத்து பெர்லினில், ஆலயத்தில் நின்றே நாஜிகளைக் கண்டித்துப் பேசியவர். ரகசியப் போலீஸ் பலமுறை கைது செய்தது. 1937-ல் நாட்டைவிட்டே துரத்தியது. அமெரிக்காவில் நியூவார்க் நகரில் குடியேறிய அவர், அங்கே கறுப்பின மக்கள் ஒதுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

அன்றைய மேடையில் அவர் சொன்னது எத்தனை துணிச்சலானது! வெறுப்பையும் மதவெறியையும்விட அவசரமான, அவமானகரமான பிரச்சினை, அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பதுதான் என்றார். பெர்லினில் அதைக் கண்கூடாகக் கண்டவர் அல்லவா? கடவுள் மனிதனை எல்லோருக்கும் அயலானாகவே படைத்தார் என்ற தம் முன்னோரின் போதனையையும் நினைவூட்டினார்.

பேச்சோடு நின்றவரல்லர். வுல்வொர்த் நிறுவனம் தென்மாநிலக் கடைகளில் கறுப்பினத்தவருக்கு உணவு மேடையில் இடம் மறுத்தபோது, 1960-லேயே நியூயார்க்கில் அந்த நிறுவனத்தின் கடைவாசலில் மறியல் செய்தார்.