கொலஸ்ட்ரால் 198-ஆ, 204-ஆ? குழாயையும் பாருங்க

திருவாலங்காட்டில் ஒரு தடவை, திருத்தணியில் ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறீர்கள். ஒன்றில் மொத்த கொலஸ்ட்ரால் 204, மற்றதில் 198. 200-க்குக் கீழே வந்துடுச்சேன்னு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் பிடித்த குழாய்கூடக் காரணமாக இருக்கலாம்.

சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தத்தைச் சுமார் அரை மணி நேரம் உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்பது சீரம். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. உப்பு ரத்தத்தை உறையவிடாது. கூடவே சிவப்பணுக்களுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும். பால்ல தண்ணி கலந்த கதைதான். அதனால் அந்தப் பிளாஸ்மாவில் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 3 சதவீதம் குறைவாகத் தெரியும். 1.03-ஆல் பெருக்கினால் சீரம் கணக்குக்கு வரும். 198 என்பது 204 ஆகிவிடும்!

விரல் நுனியில் குத்திப் பார்ப்பது முதற்கட்டச் சோதனைக்குச் சரி. சொட்டு வரலைன்னு விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து அளவு மாறும்.

முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். அறிக்கையில் சீரமா, பிளாஸ்மாவா என்று போட்டிருப்பதையும் சேர்த்துப் போனில் படம் எடுத்து வையுங்கள். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ, பழைய படத்தையும் புதியதையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.