பழைய பேரேடும் பத்து மணிக் கூட்டமும்

மிளகு வியாபாரிக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று மலர்க் குழுவினர் கேட்கவில்லை. என் வீட்டில்தான் கேட்டார்கள். கொச்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதுவானாலும், ஊரில் ஒரு சாவு, ஒரு நிச்சயதார்த்தம் என்று தகவல் வந்தால் முதலில் தொடுவது ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தைத்தான். எங்கள் நயினார் குடும்பங்களுக்கு மேல்சித்தாமூர் தேர் வேறு இருக்கிறது. தட்கல் திறக்கும் காலைப் பத்து மணிக்குத் திரையில் அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது, அதைக் குறைக்க என்ன செய்தார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பிழை இருந்தால், கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகள் பொறுத்தருள வேண்டும்.

நாம் பார்க்கும் தளம் கடையின் முன்வாசல் மட்டுமே. பேரேடு உள்ளே இருக்கிறது. 1986-இல் டில்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் முன்பதிவு முறைதான் அந்தப் பேரேடு. டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களையும் 'கன்செர்ட்' என்ற மென்பொருளால் 1999-இல் ஒன்றாகப் பிணைத்து முடித்தார்கள். அது ஸ்டேஷன் கவுன்ட்டரில் உட்காரும் குமாஸ்தாவுக்காகச் செய்தது. கவுன்ட்டருக்கு வெளியே எவ்வளவு நீள வரிசை நின்றாலும், உள்ளே கேள்வி கேட்பவர் குமாஸ்தா ஒருவர்தான். 2002 ஆகஸ்டில் இந்தப் பழைய பேரேட்டின் முன்னால் இணைய வாசலைத் திறந்தார்கள். முதலில் டிக்கெட் கூரியரில் வந்தது. 2005 முதல் நாமே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. அப்புறம்தான் வரிசையில் நின்றவர்கள் எல்லோருமே குமாஸ்தா ஆகிவிட்டார்கள்!

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். இந்தக் கணக்குக்கு மூலவர் எர்லாங் என்ற டென்மார்க்காரர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்துகொண்டு 1909-இல் இதைத் தொடங்கி வைத்தார். ஒரு கணக்குப்பிள்ளை மணிக்குச் சராசரி 60 பேரைக் கவனிக்க முடியும் என்று வையுங்கள். ஆட்கள் முன்பின்னாக, ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். மணிக்கு 50 பேர் வந்தால், ஒருவர் வந்து வேலை முடித்துப் போகச் சராசரி 6 நிமிஷம். 59 பேர் வந்தால்? ஏதோ 7 நிமிஷம் ஆகும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆகுமாம்! 60-லிருந்து வருகிறவர் தொகையைக் கழித்து, மீதியால் ஒரு மணியை வகுத்துப் பாருங்கள். அதாவது கணக்குப்பிள்ளை சோம்பேறி இல்லை. இடைவெளி இல்லாமல் போனதுதான் கோளாறு. பழைய தளம் ஒன்று திடீரென்று நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வைத்தியம் என்ன? பேரேட்டைத் தூக்கி எறிந்து புதிது எழுதுவது என்று எடுத்த எடுப்பில் தோன்றும். ஓடுகிற ரயிலுக்கு அது ஆபத்து. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நாங்கள் செய்வது வேறு. கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் விலை கேட்டுப் போகிறவர்கள். அன்றைய விலையை வாசல் பலகையில் எழுதிவிட்டால், வாங்குகிறவர் மட்டும் உள்ளே வருவார். கம்ப்யூட்டரிலும் இதேதான்: அடிக்கடி கேட்கப்படும் விவரத்தை வேகமான நினைவகத்தில் நகல் எடுத்து வைப்பது. அதைக் 'கேஷ்' என்கிறார்கள். பணம் என்று நினைத்தேன், எழுத்து வேறாம். 2014-இல் ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் அமைத்த புதிய தலைமுறைத் தளத்தில், விவரங்களைப் பல சர்வர்களின் நினைவகத்திலேயே பரப்பி வைக்கும் 'ஜெம்ஃபயர்' என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். உள்ளே பழைய பேரேடு அப்படியே இருந்தது. நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடியவர்கள் 40,000-லிருந்து 1,20,000 ஆனார்கள். 2025-இல் ரயில்வே சொன்ன கணக்கு இன்னும் சுவையானது: டிக்கெட் திறன் நிமிஷத்துக்கு 32,000, விசாரணைத் திறன் 4 லட்சம். விலை கேட்பவர் கூட்டம் அங்கேயும் அப்படித்தான்.

பலகைக்கு ஒரு குறை உண்டு. உள்ளே விலை மாறிய பிறகும் வெளியே பழைய விலை கொஞ்ச நேரம் தொங்கும். மூன்று இடம் காலி என்று பார்த்துப் பணம் கட்டினால் வெயிட்டிங் லிஸ்ட் வருவதும் இப்படித்தான். கடைசிப் படுக்கையை விற்கும் அந்தக் கணத்தில் மட்டும் பலகையை நம்பக் கூடாது. ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் கையைத் தடுத்து, மூலப் பேரேட்டிலேயே எழுத வேண்டும். எவ்வளவு சர்வர் வாங்கினாலும் அந்த ஒரு வரிசையை ஒழிக்க முடியாது. ஒழித்தால் ஒரே படுக்கைக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சீர்திருத்தம் கம்ப்யூட்டரைத் தொடாமலே செய்ததுதான். 2015 ஜூனில் ஏ.சி. தட்கலைப் பத்து மணிக்கும் மற்றதைப் பதினொரு மணிக்கும் பிரித்தார்கள். கூட்டம் இரண்டானது. அடுத்தது வாசலில் நிற்பவர் யார் என்ற கேள்வி. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி, மனிதர் அல்லாத தானியங்கி நிரல்கள் என்று 2025-இல் ரயில்வே அறிவித்தது. அவற்றை வாசலிலேயே வடிகட்டி, படம், பக்க அமைப்பு போன்ற மாறாத சரக்கை நமக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து தரும் சி.டி.என். ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். 2025 மே 22 காலைப் பத்து மணிக்கு ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட் பதிவாயிற்று. அந்த ஆண்டு ஜூலை முதல் ஆதார் சரிபார்த்தவருக்கே தட்கல். முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு இடமில்லை.

தானியங்கி நிரலை மட்டும் திட்டுவானேன். வட்டம் சுற்றினால் போதும், இரண்டு போனிலும் ஒரு லேப்டாப்பிலும் மாறி மாறி ரிஃப்ரெஷ் தட்டிக்கொண்டிருந்தவன் நான். நான் விட்டுவந்த கேள்விகளுக்கும் உள்ளே யாரோ பதில் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது அப்போது தெரியவில்லை. எர்லாங் கணக்கில் 50-ஐ 59 ஆக்கியவர்களில் நானும் ஒருவன். பணம் கட்டிய பிறகு திரை நின்றால், நம்மவர்கள் பதறி மறுபடி பதிவு செய்யாமல், 'புக்டு டிக்கெட் ஹிஸ்டரி' பக்கத்தை முதலில் பாருங்கள். டிக்கெட் விழுந்திருந்தால் அங்கே இருக்கும்.