ஒரு கட்டை உடைந்தால் கருவியே வீணா?



நாங்கள் நாற்பது ஆண்டுகளாக உதிரி பாகங்களை மொத்தமாக விற்று வருகிறோம். குக்கர் கேஸ்கட், மிக்ஸி கப்ளர், ஸ்டவ் பர்னர், கிரைண்டர் பெல்ட் என்று எங்கள் அலமாரியில் உள்ளவற்றைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத சாமான்கள். ஆனால் அந்தப் பத்து ரூபாய்ச் சாமான் கிடைக்கவில்லையென்றால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள் பரணுக்குப் போய்விடும். இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எங்கள் கடையில் கணக்கு எழுதும் தம்பி, மாலை நேரங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். அவர் ஒருநாள் ஸ்வீடன் நாட்டு இசைக் கருவி ஒன்றைப் பற்றிச் சொன்னார். இசைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் கேட்டோம். முழுவதும் கேட்ட பிறகு, இது நம் தொழிலைப் பற்றிய செய்தி என்று புரிந்தது.

கைக்கு அடக்கமான கருவி

ஸ்டாக்ஹோம் நகரில் டீனேஜ் என்ஜினியரிங் என்றொரு நிறுவனம் உள்ளது. 2011இல் அது ஓ.பி.-1 என்ற சின்தசைசரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சின்தசைசர் என்பது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. இது சுமார் 28 சென்டிமீட்டர் நீளம். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அலுமினிய உடல், 24 கட்டைகள், நான்கு வண்ணக் குமிழ்கள், ஒரு சிறு திரை. பையில் போட்டுக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தும் வாசிக்கலாம். விலை மட்டும் கைக்கு அடக்கமானதல்ல. சில காலம் சரக்கு கிடைக்காமல் இருந்து, 2019இல் மீண்டும் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 1,299 டாலர்.

இத்தனை விலையுள்ள கருவியில் ஒரு கட்டையின் அடிக்கொக்கி உடைந்தால் என்ன ஆகும்? ஒரு குமிழ் தொலைந்தால்? அந்தச் சுரம் ஊமையாகிவிடும். பாட்டுக்கு நடுவே ஒரு சுரம் இல்லாத கருவியை எவர் வாசிப்பார்?

சாமானைவிடக் கூலி அதிகம்

இந்தக் கருவியின் குமிழில் பொருத்தும் கைப்பிடி, சக்கரம் போன்ற சிறு துணைச் சாமான்களையும் அந்த நிறுவனம் விற்றது. ஸ்டாக்ஹோமிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை அனுப்ப வேண்டுமென்றால் சரக்குக் கூலி எவ்வளவு ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள்.

2012இல் நிறுவனம் ஒரு முடிவுக்கு வந்தது. சாமானை அனுப்புவதற்குப் பதிலாக, அதன் கணினி வரைபடத்தையே எவர் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம், அதாவது திரீ டி பிரிண்டர், வைத்திருப்பவர் தாமே செய்துகொள்ளலாம். இல்லாதவர் ஷேப்வேஸ் என்ற அச்சு நிறுவனத்திடம் சொன்னால், அவர்கள் செய்து அனுப்பிவிடுவார்கள். விற்பனையாளரே தன் சாமானின் அச்சை ஊருக்குத் திறந்து வைத்தார் என்றால், வணிகர்களாகிய நமக்குச் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சிறு சாமானில் வரும் லாபத்தைவிட, பெரிய கருவி ஓடிக்கொண்டிருப்பதே அவர்களுக்கு முக்கியம்.

ஊர் கூடித் தேர் இழுத்தது போல

நிறுவனம் கொடுத்தது சில சாமான்களுக்கான வரைபடம்தான். மீதியை ரசிகர்களே பார்த்துக்கொண்டார்கள். குமிழ், மூடி, கட்டை என்று தமக்கு வேண்டியதைத் தாமே வரையத் தொடங்கினார்கள். இவர்கள் பொறியாளர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பொழுதுபோக்குக்காக வாசிப்பவர்கள். ஒருவர் ஒரு நாட்டில், மற்றவர் வேறொரு நாட்டில்.

இப்படிப்பட்ட வேலை நடக்கும் முறையைத் தம்பி விளக்கினார். உடைந்த கட்டையை வைத்திருப்பவர் வெர்னியர் காலிபரால் நீளம், அகலம், கொக்கியின் கனம் எல்லாவற்றையும் அளந்து அனுப்புவார். கணினியில் வரையத் தெரிந்தவர் அதை வரைவார். இயந்திரம் வைத்திருப்பவர் அச்சிடுவார். கருவி வைத்திருப்பவர் மாட்டிப் பார்ப்பார். முதல் தடவை பெரும்பாலும் சரியாக வராது. துளை சற்று இறுகலாம், அல்லது கட்டை ஆடலாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் போதும், அழுத்திய கட்டை மேலே வராமல் சிக்கிக்கொள்ள. மீண்டும் திருத்துவார்கள், மீண்டும் அச்சிடுவார்கள். சரியானதும் வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிடுவார்கள்.

இதே கட்டையைத் தொழிற்சாலையில் செய்ய வேண்டுமென்றால் முதலில் டை அடிக்க வேண்டும். அந்தச் செலவே லட்சத்தைத் தொடும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். பத்துப் பேருக்கு மட்டும் வேண்டிய சாமானை எந்த முதலாளியும் செய்ய மாட்டார். அச்சு இயந்திரத்துக்கு டை வேண்டாம். ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் ஒன்றின் அடக்க விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த இயந்திரம் வீடுகளுக்கு வந்ததற்கும் கூட்டு முயற்சிதான் காரணம். 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பவர், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் ஓர் இயந்திரத்துக்கான திட்டத்தைத் தொடங்கி, அதன் வரைபடங்களைப் பொதுவில் வைத்தார். 2009இல் இந்த அச்சு முறைக்கான முக்கியக் காப்புரிமை ஒன்று காலாவதியானது. அதன் பிறகு இயந்திரங்களின் விலை மளமளவென்று இறங்கியது.

பலவீனமும் உண்டு

எல்லாவற்றையும் இதனால் சாதித்துவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கை இழையாக உருக்கி அடுக்கடுக்காக வைப்பதால், அடுக்கின் திசையில் சாமான் எளிதில் முறியும். ஆகவே கொக்கியைப் படுக்க வைத்து அச்சிட வேண்டும். பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி வெப்பத்திலேயே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணிவிடும். மேலும் சாதாரண கீபோர்டுகளில் கட்டைக்குக் கீழே கார்பன் பொட்டு வைத்த ரப்பர் இருக்கும். அது தேய்ந்ததால் ஒலி போயிருந்தால், கட்டையை மாற்றிப் பயனில்லை. நோயைத் தெரிந்துகொண்டு மருந்து கொடுக்க வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. மேலே சொன்ன ஷேப்வேஸ் நிறுவனம் 2024 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. பின்னர் அதன் பழைய நிர்வாகத்தினர் அதை மீட்டுத் திறந்தார்கள் என்றாலும், வரைபடங்களை அங்கே மட்டும் வைத்திருந்தவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். பேரேட்டுக்குப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல.

சட்டமும் திரும்புகிறது

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுது பார்க்கும் உரிமைக்கான சட்ட நெறியை நிறைவேற்றி, உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்த 2026 ஜூலை 31 என்று கெடு வைத்தது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, செல்போன் போன்றவை அதன் பட்டியலில் உள்ளன. இசைக் கருவிகள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் உள்ள பொருள்களைப் பழுது பார்ப்பவர், சட்டப்படி செல்லத்தக்க முப்பரிமாண அச்சு உதிரி பாகத்தைப் பயன்படுத்துவதை உற்பத்தியாளர் தடுக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாசலைத் திறந்தது.

நாங்கள் செய்த தவறு

இதைக் கேட்டபோது எங்களுக்கு ஒரு பழைய சம்பவம் உறுத்தியது. 1998இல் கிடங்கை ஒழிக்கும்போது, விற்பனை நின்றுபோன ஒரு ஸ்டவ் மாடலின் பாகங்களை நான்கு மூட்டையாகக் கட்டிப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டோம். முடங்கிய சரக்கு ஒழிந்தது என்று மகிழ்ச்சி. இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர், அதே பாகத்தில் ஆறு வேண்டும் என்று வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றார். இல்லை என்றோம். அவர் கோபப்படவில்லை. "உங்களிடமே இல்லையா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவர் ஆர்டர் படிப்படியாகக் குறைந்து நின்றுபோனது. ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியை எடுத்து வைத்திருந்தாலும் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்திருக்கலாம். அந்தப் புத்தி அன்று இல்லை.

இப்போது எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தச் சரக்கை ஒழித்தாலும் மாதிரிக்கு இரண்டை எடுத்து, மாடல் பெயரும் அளவும் எழுதிய அட்டையோடு டப்பாவில் போட்டு வைக்கிறோம். நாளை அச்சிட நினைப்பவருக்கு அந்த மாதிரிதான் மூலதனம். உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் இப்படிச் சேர்த்தால், யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியலைச் சங்க அலுவலகத்திலேயே வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். பொதுவில் கிடக்கும் வரைபடங்கள் பலவற்றில், சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல என்ற நிபந்தனை இருக்கும். இலவசமாகக் கிடைத்ததை எடுத்து விலை போடுவது வியாபாரம் ஆகாது. வரைந்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அச்சிட்ட சாமானைக் கம்பெனிச் சாமான் என்று சொல்லி விற்கவும் கூடாது.

முகம் தெரியாத சிலர், பைசா லாபம் இல்லாமல், ஒரு கட்டைக்காக இத்தனை பாடுபடுகிறார்கள். அதையே பிழைப்பாகக் கொண்ட நாம், "அந்த மாடல் நின்றுபோச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்புவதற்கு முன் ஒரு தடவை டப்பாவைத் திறந்து பார்க்கலாம் அல்லவா?