காட்ஸில்லாவுக்கு வேர்க்கிறது!

சத்தம் போடாமல் வாருங்கள். இது 1954, டோக்கியோவின் டோஹோ ஸ்டுடியோ. காட்ஸில்லா என்ற ராட்சத விலங்கின் படத்தை எடுக்கிறார்கள். தரையெங்கும் ஒயர்கள், பார்த்துக் கால் வையுங்கள்! எதிரே அசல் டோக்கியோவை 25-இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டியிருக்கிறார்கள். மிதித்துவிடாதீர்கள், அதை மிதிக்கத் தனியாக ஆள் இருக்கிறார்.

அதோ, அவரேதான்! ஹருவோ நகஜிமா, வயது 25. யானை எப்படி அடியெடுத்து வைக்கிறது என்று மிருகக்காட்சி சாலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். அவர் போட முதலில் செய்த காட்ஸில்லா ரப்பர் உடுப்பு சுமார் 100 கிலோ கனம். மாட்டிக்கொண்டு பத்து மீட்டர் தாண்ட முடியவில்லை. அதற்காக வீணாக்குவார்களா? இரண்டாக வெட்டினார்கள். கீழ்ப்பாதியைத் தோள்வாரில் தொங்கவிட்டு நடந்தால் ராட்சதக் கால் ரெடி!

சுற்றிலும் கொதிக்கும் விளக்குகள். ஷாட் முடிந்ததும் உடுப்புக்குள் தேங்கிய வேர்வையைக் கொட்டுகிறார்கள். பாவம், மனிதர் சில நேரம் மயங்கியே விழுந்துவிடுகிறார்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டாவும் தந்திரக்காட்சி நிபுணர் எய்ஜி சுபுராயாவும் கின்ஸாவில் ஒரு கடையின் மொட்டைமாடியில் நின்று, எந்தத் தெருவை எப்படிக் கொளுத்தலாம் என்று பேசியிருக்கிறார்கள். காதில் விழுந்த காவலாளி பதறிப்போய் மடக்கிவிட்டாராம்!

காட்ஸில்லாவின் உறுமல்? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் கைவண்ணம். பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் தந்திகளைத் தேய்த்துப் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டார்கள். அவ்வளவுதான்!

இப்போது காட்ஸில்லாவின் தோலைக் கிட்டத்தில் பாருங்கள். செதில் ஒன்றுகூட இல்லை. முடிச்சு முடிச்சாகத் தடித்துக் கிடக்கிறது. அணுகுண்டில் தப்பியவர்களின் உடம்பில் இருந்த தீத்தழும்பு அது. போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ணால் கண்டவர் ஹோண்டா. இதே 1954 மார்ச் 1 அன்றுதான் பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகிலிருந்த 23 பேர் மீது கொட்டியது. அவர்களில் வானொலி இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார். அப்போது இங்கே படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 3 அன்று படம் வெளியானது. முதல் காட்சியிலேயே கடலில் ஒளி வெடித்துக் கப்பல் எரிகிறது. அது எந்தப் படகை நினைவூட்டுகிறது என்று ஜப்பானில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1956-இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் நாகசாகி பற்றிய பேச்சை வெட்டிவிட்டார்கள். அதனால் பார்ப்பதென்றால் 1954-இன் ஜப்பானியப் பதிப்பையே தேடிப் பாருங்கள்.