பாரிஸ் தீவு: மரைன் பயிற்சியின் முதல் நாட்கள்

பாரிஸ் தீவு என்பது அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள மரைன் படைப் பயிற்சித் தளமாகும். பெயர் ஒத்திருந்தாலும் பிரான்சின் தலைநகருக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1915 முதல் இங்கு புதிய வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. முழுப் பயிற்சியின் காலம் 13 வாரங்கள். முதல் சில நாட்கள் வரவேற்புக் கட்டம் எனப்படும். பெயர்தான் வரவேற்பு.

புதியவர்களை ஏற்றிவரும் பேருந்து பெரும்பாலும் இரவில்தான் வந்து சேரும். தரையில் மஞ்சள் நிறத்தில் பாதச் சுவடுகள் வரையப்பட்டிருக்கும். இறங்கியதும் அவற்றின் மேல் நிற்க வேண்டும். குதிகால்கள் சேர்ந்தும் முன்பாதங்கள் விலகியும் இருக்கும் அந்தச் சுவடுகளில் கால் வைத்தாலே படைவீரரின் நிலை வந்துவிடுகிறது. பிறகு வீட்டுக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அதிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்கும் வரிகளை வாசிக்கலாமே தவிர நலம் விசாரிக்க முடியாது. ஆண்களுக்குத் தலை மழிக்கப்படும். கொண்டுவந்த உடைமைகள் வாங்கி வைக்கப்படும். "நான்" என்று பேசக்கூடாது; "இந்தப் பயிற்சி வீரர்" என்றே தன்னைக் குறிப்பிட வேண்டும். முதல் இரவில் தூக்கம் கிடையாது.

மருத்துவச் சோதனை, தடுப்பூசி, உடற்தகுதித் தேர்வு ஆகியனவும் இந்நாட்களிலேயே நடக்கும். சேரும்போது மறைத்த நோய், போதைப்பழக்கம், காவல்துறை வழக்கு எதுவானாலும் ஒப்புக்கொள்ளக் கடைசி வாய்ப்பும் அளிக்கப்படும். போர்க்கலை எதுவும் இன்னும் தொடங்கவில்லை. பழைய அடையாளத்தைக் களைவதே இந்நாட்களின் வேலை.

தூக்கமின்றி, வீட்டாருடன் தொடர்பின்றி நிற்கும் இளைஞர் என்ன சொன்னாலும் செய்வார். ஆபத்தும் அங்கேதான் உள்ளது. 1956 ஏப்ரல் 8 இரவு, மாத்யூ மெக்கியோன் என்ற பயிற்றுநர் ஒழுங்கைக் கற்பிப்பதாகக் கூறித் தன் பிரிவினரை ரிப்பன் கிரீக் என்னும் ஓதநீர் ஓடைக்குள் நடத்திச் சென்றார். இருளில், ஆழத்தில் சிக்கி ஆறு பேர் மூழ்கி இறந்தனர். அன்று அவர் மது அருந்தியிருந்தார். இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. இந்நிகழ்வுக்குப் பின் பயிற்றுநர்கள் மீது அதிகாரிகளின் கண்காணிப்பு கூட்டப்பட்டது. பயிற்சி வீரரை அடிப்பது இன்று விதிமீறல்.

வரவேற்புக் கட்டம் முடிந்ததும் புதியவர்கள் தங்கள் நிரந்தரப் பயிற்றுநர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். அப்போது பயிற்றுநர்கள் அவர்கள் முன்னிலையில் நின்று, தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவர்களைத் தம்மால் இயன்றவரை நன்கு பயிற்றுவிப்போம் என்று உறுதிமொழி எடுக்கின்றனர். அடுத்த நிமிடமே கூச்சல் தொடங்கிவிடும்.