ஊசிக்கும் உலைக்கும் நடுவே

உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டை ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரு கை மட்டும் பின்னி முடிக்கப்பெற்ற குழந்தை ஸ்வெட்டர், வெட்டிய பின்னும் தைக்கப்படாமல் மடித்து வைத்த சுடிதார்த் துணி, நான்கு ரோஜாக்களில் மூன்றோடு நின்றுவிட்ட தலையணை உறை, உச்சி வட்டத்தைத் தாண்டாத குரோஷா தொப்பி... இவற்றுள் ஏதேனும் ஒன்று அங்கே இருக்கும். எடுத்துப் பார்ப்பீர்கள், பெருமூச்சு விடுவீர்கள், "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று மறுபடியும் உள்ளே வைத்துவிடுவீர்கள். உங்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. என் அலமாரியில் இருந்தவற்றைத்தான் பட்டியலிட்டேன்.

தையல் கற்றுத்தர வகுப்புகள் உண்டு. பின்னல் கற்றுத்தர நூல்கள் உண்டு. ஆனால் அந்தத் தையலையும் பின்னலையும் சோறு வடிப்பதற்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும், மாமிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பதற்கும் இடையில் எங்ஙனம் செய்து முடிப்பது என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை. அதனைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது. நான் பட்டதைச் சொல்லுமுன் வேறு சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கைகளில் உள்ள இக்கலை நேற்று வந்ததன்று. இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களுள் சில, எகிப்து நாட்டில் முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் பின்னப்பட்ட பருத்திக் காலுறைகள். நீலமும் வெள்ளையுமாகக் கோலமிட்டவை. ஸ்பெயினில் புர்கோஸ் நகருக்கு அருகில் லாஸ் உவெல்காஸ் என்றொரு பழைய மடாலயம் இருக்கிறது. 1275-ல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையில், பட்டு நூலால் பின்னப்பட்ட ஒரு தலையணை உறை அங்கே கிடைத்தது. கிறிஸ்தவ இளவரசரின் தலையணை ஓரத்தில் கூஃபி எழுத்தில் பின்னப்பட்டிருந்த அரபுச் சொல் என்ன தெரியுமா? 'பரக்கத்'! முஸ்லிம் கைவினைஞரின் வேலை அது என்பது அறிஞர்களின் கருத்து. ஓர் அங்குல அகலத்தில் ஏறத்தாழ இருபது கண்ணிகள் கொண்ட அந்த நுண்ணிய வேலையை முடிப்பதற்குள் அவர் எத்தனை முறை இடையில் எழுந்து சென்றிருப்பாரோ!

இதனினும் பெருமை தரும் சான்று நம் அன்னையரிடம் உள்ளது. தம் மனைவியருள் கை நீண்டவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்துக்கொண்டனர். ஆனால் நபிகளாருக்குப் பின் முதலில், ஹிஜ்ரி 20-ல், இவ்வுலகைப் பிரிந்தவர் உருவில் சிறியவரான அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்து, கிடைத்ததைத் தர்மம் செய்து வந்தவர் அவர். கை நீளம் என்பது அளவு நாடாவுக்கு உட்பட்டதன்று என்பது அப்போதுதான் அன்னையருக்குப் புரிந்தது.

ஆகவே கைத்தொழில் செய்யலாமா, கூடாதா என்பது நம் கேள்வியன்று. யாருடைய நேரத்தை எடுத்துச் செய்கிறோம் என்பதே கேள்வி. இதனை எனக்கு உணர்த்தியது ஒரு பெருநாள்.

அக்காலத்தில் என் மகளுக்கு வயது எட்டு. ரமலான் பிறை தெரிவதற்கு முன்பே துணிகள் வரத் தொடங்கிவிட்டன. "ராத்தா, உங்க கையில தைச்சாத்தான் பொருந்துது" என்று ஒருவர் சொன்னால் போதும், மனம் குளிர்ந்துவிடும். மறுக்க நா எழவில்லை. பதினைந்தாம் நோன்பில் எண்ணிப் பார்த்தேன், இருபத்தொரு உருப்படிகள்! பகலில் நோன்புக் களைப்பு, மாலையில் கஞ்சியும் வடையும், பின்னர் தராவீஹ். எஞ்சியது இரவு ஒன்றுதான். எந்த இரவுகளில் நாம் பாயை விரித்து அல்லாஹ்விடம் அழ வேண்டுமோ, அந்தக் கடைசிப் பத்து இரவுகளில் நான் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழாம் இரவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் துஆ கேட்டுக்கொண்டிருந்தது. நான் "ஆமீன்" சொல்லிக்கொண்டே ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பெருநாள் காலையில் எங்கள் தெருவே என் தையலை உடுத்தியிருந்தது. என் மகளின் பாவாடை சட்டை மட்டும் குண்டூசிகளோடு, கை பொருத்தப்படாமல் நாற்காலியில் தொங்கியது. அவள் அழவில்லை. முந்திய ஆண்டுச் சட்டையைத் தானே எடுத்து உடுத்திக்கொண்டு, "உம்மா, அடுத்த பெருநாளுக்கு நானும் துணியோட வாசல்ல வந்து நிக்கட்டுமா? அப்ப எனக்கும் அளவெடுப்பீங்கள்ல?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அன்று நான் பிரியாணி பரிமாறிய கை நடுங்கியது.

திருக்குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92-ஆம் வசனம், நூலை உறுதியாக நூற்ற பிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட ஒரு பெண்ணைப் போல் ஆகிவிட வேண்டாம் என எச்சரிக்கிறது. வாக்குறுதியை முறிப்போருக்குக் கூறப்பட்ட உவமை அது. அதனை ஓதும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வரும். துணியைக் கையில் வாங்குவதும் ஒரு வாக்குறுதிதான். வெளியாருக்குத் தந்த வாக்கை முறித்தால் கேள்வி வரும், ஏச்சு வரும். வீட்டிலுள்ளவர்களுக்கு நாம் வாய்திறந்து வாக்களிப்பதே இல்லை. ஆகவே முறிவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கேட்கத் தெரியாத பிள்ளையின் உடைதான் எப்போதும் கடைசியில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். பெருநாள் துணியை ஷஅபான் மாதத்தில் வாங்கி, ரமலான் பதினைந்தோடு தைப்பதை முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நோட்டின் முதல் வரியில் என் மக்களின் பெயர்கள். அவற்றைத் தைத்து, காஜா எடுத்து, மடித்து வைத்த பிறகே மற்றவர்களின் வரிசை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டனர். ஒருவர் மறு ஆண்டு ஷஅபான் முதல் வாரத்திலேயே துணியோடு வந்துவிட்டார். மற்றவர் வரவேயில்லை, அதனால் எனக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

இனி, நாள்தோறும் நேரத்தைக் கையாளுவது பற்றி. நம் நேரம் ஒரு முழுத் துணியாகக் கிடைப்பதில்லை சகோதரிகளே. வெட்டுத் துண்டுகளாகத்தான் கிடைக்கிறது. துண்டின் அளவு பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துணி வெட்டுவதற்கு இடையூறு இல்லாத ஒரு மணி நேரமாவது வேண்டும். பருத்தித் துணியை முதல் நாளே நனைத்து உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் தைத்த பின் முதல் சலவையிலேயே சுருங்கி உங்கள் பெயரைக் கெடுக்கும். லுஹருக்கும் அஸருக்கும் நடுவே நம் பகுதியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருக்கிறது. சமையல் முடிந்து, சிறு பிள்ளை உறங்கி, பெரியவை பள்ளியில் இருக்கும் அந்தப் பொழுதே வெட்டுவதற்கு ஏற்றது. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே வெட்டிய ஒரு நாளில், இரண்டு கைகளையும் வலக்கைக்கே வெட்டிவிட்டேன். அந்தத் துணிக்கு ஈடாக வேறு துணி வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது.

இயந்திரத் தையலுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் ஒரே நிற நூலில் தைக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நூல் மாற்றுவதிலும் பாபின் சுற்றுவதிலும் போகும் நேரம் நம் கணக்கில் வருவதில்லை. ஓரம் மடித்துத் தைத்தல், கொக்கி வைத்தல், பொத்தான் கட்டுதல் ஆகியன பத்து நிமிடத் துண்டுகளுக்கு உரியவை. இவற்றைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு, ஊசி நூலோடு கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணியை மட்டும் இரவில் எடுக்காதீர்கள். ஸுபுஹுக்குப் பின் நன்கு விடிந்ததும் வரும் வெளிச்சத்தில் எடுங்கள். கண் நமக்கு அமானிதம்.

பின்னலில் நான் ஒன்றைத் தாமதமாகக் கற்றேன். இரண்டு ஊசிகளால் பின்னும்போது எல்லாக் கண்ணிகளும் ஊசியில் உயிரோடு நிற்கின்றன. தவழும் பிள்ளை ஊசியை உருவிவிட்டால் அத்தனையும் அவிழும்; ஒரு கண்ணி நழுவினாலே ஏணிப்படி போல் கீழ்வரை இறங்கிவிடும். கொக்கி ஊசியால் போடும் குரோஷா அப்படியன்று. அதில் எந்நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அதில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால், உலை பொங்கினாலும் வாசலில் விருந்தாளி நின்றாலும் அப்படியே வைத்துவிட்டு எழலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஸ்வெட்டரைத் தொடங்காமல் தொழுகைத் தொப்பியைத் தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உச்சியில் ஒரு சிறு வளையம். தட்டையான வட்டமாக விரிய விரியக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டு போய், உச்சந்தலை அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றிக் கீழிறங்க வேண்டியதுதான். இரு ஊசிப் பின்னல்தான் வேண்டுமென்போர் வரிசை முடிவில் மட்டுமே நிறுத்துங்கள். நடுவரிசையில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பின்னலாமா என்று கேட்பவர் உண்டு. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது தாராளமாகப் பின்னலாம். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது! ஆனால் மஃரிபுக்குப் பின் பிள்ளை குர்ஆன் ஓத அமர்ந்தால் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள். ஓதும்போது செவிதாழ்த்திக் கேட்க வேண்டும் என்பது ஒருபுறம். தான் ஓதுவதைவிட அந்த நூல் உருண்டை உம்மாவுக்குப் பெரிதாகிவிட்டது என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது என்பது மறுபுறம்.

பாதுகாப்பு பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். பொத்தான் டப்பாவுக்கு மூடி இருக்கட்டும். மின்சார இயந்திரமாயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டே எழுந்திருங்கள். மிதி இயந்திரமாயின் வாரைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுங்கள். சக்கரத்தைக் கண்ட குழந்தை அதில் விரல் வைக்காமல் இராது.

கூலி பற்றிப் பேசினால் நம்மவர்களுக்குக் கூச்சம். "நம்ம பிள்ளைதானே, சும்மா ஒரு தையல் போட்டுக் கொடும்மா" என்று துணியோடு வரும் உறவினரிடம் பணம் கேட்க முடிவதில்லை. விளைவு, நூலும் பொத்தானும் லைனிங் துணியும் கணவரின் பணத்தில், உழைப்பு இலவசம், பிறகு வீட்டில் முணுமுணுப்பு. எவருக்கு அன்பளிப்பாகத் தைக்கிறோம், எவருக்குக் கூலிக்குத் தைக்கிறோம் என்பதை அளவெடுக்கும்போதே சொல்லிவிடுவது இரு சாராருக்கும் நல்லது. கூலி கேட்பது இழுக்கன்று. மனைவியின் உழைப்பால் வந்த பணம் அவளுக்கே உரியது. குடும்பச் செலவு கணவர் மீதே கடமை என்பது மார்க்கச் சட்டம். அவள் விரும்பித் தந்தால் அதன் நன்மை தனி. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டனுப்பினார்கள். அவருக்கு இரண்டு நற்கூலிகள் உண்டு, ஒன்று உறவைப் பேணியதற்கு, மற்றொன்று தர்மத்துக்கு என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். கடமையாக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திராது.

இப்பக்கத்தைப் புரட்டும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். மனைவி இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும்போது "தண்ணீர் கொண்டு வா" என்று குரல் கொடுக்குமுன், அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும், தம் செருப்பைத் தாமே செப்பனிட்டதையும், வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் ஈடுபட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வாப்பா பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டார். முதலில் தைத்த பொத்தான் துளைக்கு அரை அங்குலம் தள்ளி நின்றது. அந்தச் சட்டையை அவர் நான்கு வருடங்கள் உடுத்தினார்.

அலமாரியின் அடித்தட்டை நான் சென்ற மாதம்தான் ஒழித்தேன். ஒற்றைக் கையோடு நின்ற அந்த ஸ்வெட்டருக்கு உரியவனுக்கு இப்போது மீசை அரும்பியிருக்கிறது. இனி முடித்து என்ன பயன்? ஓர இழையை இழுத்துப் பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, சுருள் நீங்குவதற்காகக் கீழே ஒரு சிறு கனத்தைக் கட்டி நிழலில் தொங்கவிட்டேன். உலர்ந்ததும் உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது மகள் வந்து, "யாருக்கு உம்மா?" என்றாள். அவள் தலைப்பேற்றுக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. எடுத்துக் காட்டிவிட்டு, நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியைப் பார்க்கச் சொன்னேன்.