யாரும் பார்க்காத முதுகு

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதை முதலில் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர், நானும் அல்லேன். ஊரில் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணிதான் அதைக் கண்டார். புதுச் சீருடைக்கு அளவெடுக்கும்போது வலத்தோள் ஏறியிருப்பதும், இடுப்பின் ஒரு பக்கம் உள்வாங்கியிருப்பதும் அவர் கண்ணில் பட்டன. "போன வருஷம் தைச்சதும் ஒரு பக்கமா ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. என் வெட்டு சரியில்லைன்னு நெனச்சேன். பொண்ணு முதுகை யார்கிட்டயாவது காட்டுங்க அக்கா" என்று அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த மாணவியை இரண்டாண்டுகளாக நாள்தோறும் காலை இறைவணக்கக் கூட்டத்தில் நான் பார்த்துவந்தேன். "நேராக நில்" என்று பலமுறை அதட்டியும் இருக்கிறேன். அவள் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய நேர் அதுவாக இருந்தது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தபோது வளைவு 46 பாகை, அதாவது 46 டிகிரி, இருந்தது. ஓராண்டுக்கு முன்னர் வந்திருந்தால் இடைக்கச்சை அணிவித்து வளைவை நிறுத்த முயன்றிருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த ஓராண்டில் அவள் முதுகுக்கு மிக அருகில் இருந்தவள் நான். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த எண்ணமே.

ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்நிலைக்கு நம் பேச்சுவழக்கில் தனிச்சொல் இல்லை. மருத்துவ நூல்கள் 'முதுகெலும்புப் பக்கவளைவு' என்கின்றன. ஊரில் யாராயினும் 'கூன்' என்றே சொல்லிவிடுவர். கூன் என்பது முதுகு பின்புறமாகப் புடைப்பது. பக்கவளைவோ, முதுகெலும்பு வலப்பக்கமோ இடப்பக்கமோ வளைவதோடு, ஒரு திருகாணி போலத் தன்னைத்தானே சுற்றிக்கொள்வது. அச்சுழற்சியால் விலா எலும்புகளும் ஒரு பக்கம் பின்னே தள்ளப்பட்டு மேடாகின்றன. சொற்பிழை சிறியதுதானே என்று விட்டுவிட இயலவில்லை. நம் கதைமரபில் கூன் என்றதும் நினைவுக்கு வருபவர்கள் இருவர். ஒருவர் திருஞானசம்பந்தரால் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆன பாண்டியன். மற்றவள் இராமாயணத்துக் கூனி. ஒருவருக்கு அது தெய்வ அருளால் தீர்ந்தது; மற்றவளுக்கு அதுவே குணத்தின் அடையாளமாக்கப்பட்டது. பதின்மூன்று வயதுச் சிறுமியின் காதில் அச்சொல் விழும்போது இவையனைத்தும் சேர்ந்தே விழுகின்றன.

10 பாகைக்கு மேற்பட்ட வளைவையே மருத்துவர்கள் பக்கவளைவு எனக் கணக்கில் கொள்கின்றனர். 10 முதல் 16 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு அந்த அளவு வளைவு இருக்கும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சிகிச்சையே தேவைப்படாது. சிறு வளைவுகள் ஆண், பெண் இருபாலரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்பட்டாலும், 30 பாகையைக் கடந்து வளர்பவை பெண் குழந்தைகளிடமே பன்மடங்கு மிகுதி.

இது எதனால் வருகிறது? பெரும்பாலானவர்க்குக் காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்றுவரை அறுதியிட்டுக் கூறவில்லை. சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதால் மரபணுவின் பங்கு உண்டு என்பது தெளிவு. புத்தகப்பை சுமந்ததாலோ, கோணலாக உட்கார்ந்ததாலோ, தண்ணீர்க்குடத்தை ஒரே இடுப்பில் வைத்ததாலோ இது வருவதில்லை. கிரகணத்தன்று கருவுற்ற தாய் வெளியே வந்ததால் வருவதும் இல்லை. இக்கடைசிக் காரணத்தை வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாமியார் மருமகளிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மருமகள் பதில் பேசவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பகற்பொழுதை நினைவில் தேடிக்கொண்டிருந்தாள் போலும்.

பிறவியிலேயே முள்ளெலும்புகள் சரியாக உருவாகாததால் வரும் வளைவு வேறு வகை. அக்குழந்தைகளுக்கு இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துச் சோதிப்பது வழக்கம். மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு ஆகியவற்றோடு வருவதும் உண்டு. இரவில் உறக்கம் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை வளைவோடு சேர்ந்திருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நான் இங்கே பேசுவது இவை எதுவுமின்றி, நன்றாக ஓடியாடித் திரியும் பிள்ளைக்குப் பதின்வயதில் தோன்றும் வளைவைப் பற்றி.

அவ்வளைவு பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இருந்தாலன்றி நாம் எதையும் கவனிப்பதில்லை. அதோடு, வளைவு விரைந்து கூடும் காலமும் உடல் விரைந்து உயரும் காலமும் ஒன்றே. பெண் குழந்தைகள் மிக வேகமாக வளர்வது பூப்பெய்துவதற்குச் சற்று முந்திய மாதங்களில். பூப்பெய்திய பின்னரும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வளர்ச்சி மீதமிருக்கும். நம் வீடுகளில் அதே காலத்தில் என்ன நடக்கிறது? ஒன்பது, பத்து வயதில் தாய் மகளுக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுவது நின்றுபோகிறது. மஞ்சள் நீராட்டு முடிந்ததும் துப்பட்டா தோளிலேறுகிறது. தளர்வான சட்டை, நீண்ட பின்னல், கதவு சாத்திய குளியலறை. பிள்ளையின் முதுகை யாரேனும் பார்த்தாக வேண்டிய அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. தன் முதுகைத் தானே காணவும் இயலாது. கண்டறியத் தாமதமாவதற்குப் பெற்றோரின் அறியாமையைக் குறைசொல்வோர் உண்டு. அறியாமையைவிட, வெட்கமும் கண்ணியமும் கலந்த நம் வாழ்முறையே அதை மறைக்கிறது என்பது என் கருத்து.

பார்ப்பதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை. ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865இல் விவரித்த முறையே இன்றும் பயன்படுகிறது. பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நின்று, இரு உள்ளங்கைகளையும் ஒன்றுசேர்த்து, முதுகு தரைக்கு இணையாகும்வரை முன்னால் குனிய வேண்டும். பின்னால் நிற்பவர் கண்ணை முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் போதும். ஒரு பக்கத்து விலாவோ இடுப்புச் சதையோ மறுபக்கத்தைவிட மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்பலாம். மேட்டின் சாய்வை அளக்க ரசமட்டம் போன்ற சிறு கருவியும் உண்டு. எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகளைக் குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லிப் பயிற்சி கொடுத்தவள் நான். எப்போதும் அவர்களுக்கு முன்னால் நின்றே எண்ணினேன். ஒருமுறைகூடப் பின்னால் சென்று நின்றதில்லை.

மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. பிறவிக் குறைபாடுகள், சத்துக்குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு பிரிவுகளில் 30 நிலைகளைக் கண்டறிவது அதன் நோக்கம். வளைபாதம், இடுப்பு மூட்டு விலகல், ரிக்கெட்ஸ் எல்லாம் அப்பட்டியலில் உள்ளன. பதின்வயதுப் பக்கவளைவு இல்லை. பல்லைப் பார்க்கும், கண்ணைப் பார்க்கும் குழு, பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்வதில்லை.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பள்ளிகளில் அனைவரையும் சோதிப்பது தேவையா என்பதில் வல்லுநர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று 2018இல் அறிவித்தது. சிறு மேட்டைக் கண்டு அஞ்சித் தேவையற்ற எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுக்க நேரும் என்ற அச்சம் நியாயமானதே. அதே அமெரிக்காவின் எலும்பியல், முதுகெலும்பு மருத்துவர் சங்கங்கள் பெண் குழந்தைகளை 10 வயதிலும் 12 வயதிலும், ஆண் குழந்தைகளை 13 அல்லது 14 வயதில் ஒருமுறையும் பார்த்துவிடுவது நல்லது என்கின்றன. ஹாங்காங்கில் 1995 முதல் பள்ளி மாணவர்க்கு இச்சோதனை நடந்துவருகிறது. ஆண்டுதோறும் குடும்ப மருத்துவரிடம் முழு உடற்சோதனைக்குச் செல்லும் பிள்ளைக்குப் பள்ளிச் சோதனை மிகையாக இருக்கலாம். காய்ச்சல் வந்தாலன்றி மருத்துவரைப் பார்க்காத பாகூர்ப் பிள்ளைக்கு அது மிகையாகாது.

முன்கூட்டிக் கண்டால் என்ன பயன்? 25 பாகைக்கு உட்பட்ட வளைவாயின் சில மாதங்களுக்கு ஒருமுறை சென்று பார்த்துக்கொண்டாலே போதும். 25 முதல் 40 பாகை வரை, எலும்பு வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு, இடைக்கச்சை அணிவிப்பர். கடினப் பிளாஸ்டிக்கில் உடலின் அளவுக்கேற்ப வார்க்கப்படும் கவசம் அது. வளைவை நேராக்குவது அதன் வேலையன்று; மேலும் கூடாமல் நிறுத்துவதே. வட அமெரிக்காவின் 25 மருத்துவ மையங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, கச்சை அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை என்றது. அணியாதோரில் அது 48 பேர். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பினர். அணியாதோரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் தப்பினர் என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். பயமுறுத்தி எந்தப் பிள்ளையையும் கச்சைக்குள் தள்ள வேண்டியதில்லை.

பதின்மூன்று மணி நேரம் என்று எழுதுவது எளிது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மின்விசிறியும் நின்றுபோன இரவில், அதை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பது எளிதன்று. உள்ளே தையல் மடிப்பில்லாத பருத்திப் பனியன் அணிய வேண்டும். வியர்த்தால் மாற்ற வேண்டும். தோல் சிவந்தால் கச்சை செய்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். நான் அறிந்த வில்லியனூர்ச் சிறுமி ஒருத்தி பள்ளி நேரம் முழுவதையும் தவிர்த்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கட்டிக் காலை ஏழு மணிக்கு அவிழ்ப்பாள். மருத்துவர் அதற்கு இசைந்தார். சக மாணவிகளின் கேள்விக்கு அஞ்சி முற்றிலும் கழற்றி எறிவதைவிட அது மேல் என்பது அவர் கணிப்பு. ஓட்டத்தையும் கோகோவையும் அவள் விடவில்லை. விடவும் வேண்டாம், ஒலிம்பிக் ஓட்டவீரர் உசைன் போல்ட்டுக்கும் பக்கவளைவு உண்டு என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை.

உடற்பயிற்சியால் தீராதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. ஜெர்மனியில் காதரினா ஷ்ரோத் என்னும் பெண்மணி, தாமே இவ்வளைவோடு வளர்ந்தவர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய மூச்சுப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் இன்று பல நாடுகளில் கச்சையோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் கற்றால் நன்மை உண்டு. யோகாசனம் உடலுக்கு நல்லது. வளரும் வளைவை அது மட்டும் நிறுத்தும் என்று நம்பிக் காத்திருப்பது நல்லதன்று. எண்ணெய் பூசி நீவுவதும், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவரிடம் சென்று கட்டுவதும் இதற்குப் பயன்படா. போகும் ஒவ்வொரு மாதமும் வளர்ச்சியின் மாதம்.

45, 50 பாகையைத் தாண்டி, வளர்ச்சியும் மீதமிருந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவர். வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளில் திருகாணிகள் பொருத்தி, உலோகத் தண்டுகளால் இணைத்து, அவை ஒன்றோடொன்று கூடி ஒரே எலும்பாகுமாறு செய்வர். அப்பகுதி பின்னர் வளையாது. ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நரம்புகளின் இயக்கத்தை அறுவையின்போதே கண்காணிக்கும் முறைகள் வந்தபின் அச்சம் பெரிதும் குறைந்துள்ளது. நான் அதட்டிய மாணவிக்கு அதுதான் செய்யப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தவள், என்னைவிட நிமிர்ந்து நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், எங்கம்மாவும் அதட்டினாங்க" என்றாள்.

அவள் தாய் மருத்துவரிடம் முதலில் கேட்டது வலியைப் பற்றி அன்று. "கல்யாணம் ஆகுமா, குழந்தை பெத்துக்குவாளா?" என்பதுதான். பதின்வயதுப் பக்கவளைவு உள்ளவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் உட்பட, பிறரைப் போலவே கருவுற்றுப் பிள்ளை பெறுகின்றனர். சிகிச்சையே பெறாதவர்களை ஐம்பதாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று, முதுகுவலி சற்று மிகுதி என்பதைத் தவிர அவர்களும் உழைத்து, மணந்து, நிறைவாகவே வாழ்ந்தனர் என்று 2003இல் தெரிவித்தது. மிகப்பெரிய வளைவுகளே நுரையீரலை நெருக்குகின்றன. இதை அந்தத் தாயிடம் யாரேனும் முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் அவர் பல இரவுகள் உறங்கியிருப்பார்.

பாகூரிலிருந்து கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குச் செல்ல நகரையே கடந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. ஆறு மாதத்துக்கொரு முறை செல்ல வேண்டிய பரிசோதனை, நடவுக்காலத்தில் தள்ளிப்போய், பின் மறந்தே போகிறது. பிள்ளைகளின் படத்தையும் அளவையும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதிந்துவைத்து, வளைவு கூடியவரை மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது இவ்வளவு சிறிய ஒன்றியப் பகுதிக்குக் கடினமான காரியமன்று. பள்ளியில் செய்ய வேண்டியது அதனினும் சிறிது. ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டுக்கு ஒரு முற்பகல்; பெண் பிள்ளைகளுக்குக் கதவு சாத்திய ஓர் அறை, அவர்கள் அறிந்த ஓர் ஆசிரியை, உடன் ஒரு கிராமச் செவிலியர். தாய்மார் வந்து உடனிருக்க விரும்பினால் இருக்கட்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஓய்வுபெற்ற என் போன்றோரை அழைத்தாலும் வருவோம். இம்முறை பின்னால் நிற்போம்.